ஐஸ் இருக்கிற வரைக்கும்தான் மீன்: எங்கள் விளையாட்டுக்கு எந்த இன்வென்டரி?

“மாமா, நங்கூரம் பைக்குள்ள போகமாட்டேங்குது.”

தடைக்காலத்துச் சாயங்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பன் தெற்குவாடியில் வரிசையாகக் கட்டிக் கிடந்த படகுகளின் நிழலில் உட்கார்ந்து அக்கா மகன் எங்கள் விளையாட்டை ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். எங்கள் தெருவில் பிஜிஎம்ஐ என்ற போன் துப்பாக்கி ஆட்டத்தில் அவனை அடிக்க ஆள் கிடையாது. திரையில் 40 கட்டம் போட்ட பை. நங்கூரம் இரண்டுக்கு மூன்று கட்டம் பிடிக்கும். கட்டைவிரலால் இழுக்கிறான், விரலே நான்கு கட்டத்தை மறைக்கிறது. விட்டால் நங்கூரம் பழைய இடத்துக்கே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. மூன்றாவது தடவை இழுப்பதற்குள் விளையாட்டில் கச்சான் காற்று கிளம்பி வள்ளம் கவிழ்ந்தது. கூட இருந்த மூன்று பேரும் தண்ணீருக்குள். போனை என் கையில் திணித்துவிட்டு, “கடல் நல்லா இருக்கு மாமா, பைதான் கேவலம்” என்று எழுந்து போய்விட்டான்.

இந்த விளையாட்டைச் செய்வது நாங்கள் மூன்று பேர். நான் பாம்பன். சர்வர் எழுதுகிற நண்பர் கீழக்கரை. படம் வரைகிறவர் மண்டபத்துப் பெண். பகலில் ஆளுக்கொரு வேலை, ராத்திரியில் இது. ஒரு வள்ளத்தில் நான்கு பேர், நான்கு போன். பாம்பனிலிருந்து கிளம்பி, வடகடலிலோ தென்கடலிலோ மீன் பிடித்து, விடிவதற்குள் கரை திரும்பி ஏலத்தில் விற்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தீவுக்கு வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவை வடகடல் என்போம், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்போம். கடல், காற்று, வலை எல்லாம் ஓரளவு அமைந்துவிட்டன. ஆறு மாதமாக நாங்கள் சண்டை போட்டதெல்லாம் பையைப் பற்றித்தான், அதாவது ஆட்டக்காரர் சாமான் வைத்துக்கொள்ளும் இன்வென்டரியைப் பற்றி.

உலகத்திலேயே சிறந்த இன்வென்டரி எது என்று கேட்டால் பதில் கிடையாது. எங்களுக்கு எது என்று கேட்டால் தேடலாம். ஆடப்போகிறவர்கள் பெரும்பாலும் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்காரர்கள். நெட் வரும், போகும். நான்கு பேர் ஒரே படகில் இருப்பதால் ஒருவன் பையைத் திறந்து குடைந்துகொண்டிருந்தால் மற்ற மூவரும் காத்திருக்க வேண்டும். இது தனியாள் விளையாட்டு இல்லை. பையைத் திறந்ததும் உலகம் உறைந்து நிற்காது, காற்று அடித்துக்கொண்டேதான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே உறைக்கிற மாதிரி யோசித்திருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

முதலில் ஸ்லாட் முறை, அதாவது பையில் இத்தனை அறை என்று எண்ணி வைப்பது. எல்லாருக்கும் தெரிந்தது மைன்கிராஃப்ட்: கீழ்வரிசையில் 9, உள்ளே 27, மொத்தம் 36 அறை. மண், கல் போன்ற சாமான்கள் ஓர் அறையில் 64 வரை அடுக்கிக்கொள்ளும். வாள், கோடரி ஒன்றுக்கு ஓர் அறை. கண்ணால் பார்த்ததும் புரியும், தொட்டால் போதும், இழுத்துப் பொருத்த வேண்டியதில்லை. ஆனால் எங்கள் வேலைக்குப் பக்கத்தில் வருவது 2001-இல் தொடங்கிய ரூன்ஸ்கேப். அதில் மீன்பிடி ஒரு தொழில். பையில் 28 அறை. சுறா பிடிக்கப் போகிறவன் ஈட்டிக்கு ஒன்றை விட்டால் மீதி 27 சுறா. அவ்வளவுதான், சாமானைச் சேர்த்துவைக்கும் வங்கிக்கு நடக்க வேண்டும். வந்து மறுபடி 27. கேட்டால் சலிப்பாக இருக்கும். ஆனால் அந்தப் போக்குவரத்தே அந்த விளையாட்டின் மூச்சு. பை நிறைந்ததும் கையில் இருக்கும் வேலை முடிந்தது என்று மனசுக்குத் தெரிகிறது. பேச்சுக்கு ஒரு இடைவெளி கிடைக்கிறது. வங்கி வாசலில் நாலு பேரைப் பார்க்கலாம்.

குறை என்னவென்றால், அங்கே ஒரு கூனி இறாலும் ஓர் அறை, ஒரு சுறாவும் ஓர் அறை. ரூன்ஸ்கேப் கற்பனை ஊர், அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். இங்கே கேட்பார்கள். நாங்கள் ஸ்லாட் முறையில் முதல் மாதிரியைச் செய்து காட்டியபோது, பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர் திரையை எட்டிப் பார்த்து, “சூடையும் திருக்கையும் ஒரே அளவா தம்பி?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு என்னிடம் பதில் இல்லை. ஓர் அறையில் 50 சூடை, ஆனால் 1 திருக்கை என்று எண்ணிக்கையை மாற்றிப் பார்த்தோம். கொஞ்சம் தாங்கியது. ஆனாலும் நான்கு பேர் பையும் தனித்தனியாக நிறைந்ததே தவிர, ‘வள்ளம் நிறைந்துவிட்டது’ என்ற உணர்வு வரவில்லை.

அதிலிருந்து தப்பிக்கத்தான் கட்ட முறைக்குப் போனோம். இதற்குப் பேர்போனது 2000-இல் வந்த டயாப்லோ 2. பத்துக்கு நான்கு, 40 கட்டம். மோதிரம் ஒரு கட்டம், மார்புக்கவசம் இரண்டுக்கு மூன்று, பெரிய ஈட்டி இரண்டுக்கு நான்கு. வீட்டில் அம்மா பொங்கலுக்கு முன்னால் பரணை ஒழித்து, பாத்திரத்துக்குள் பாத்திரம் போட்டு அடுக்குவாரே, அந்தச் சந்தோஷம் இதில் இருக்கிறது. அடுக்கி முடித்ததும் ஒரு நிறைவு. மறு வருடம் வந்த விரிவாக்கத்தில் தாயத்து மாதிரியான சில பொருள்களைச் சேர்த்தார்கள். பைக்குள் இருந்தால் மட்டும்தான் அவை பலன் தரும். ஆக, கொள்ளையடித்ததை வைக்க இடம் வேண்டுமா, உடம்புக்குப் பலம் வேண்டுமா என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் போட்டி. அற்புதமான யோசனை. நான் அதற்காகவே கட்ட முறைக்குக் கொடி பிடித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறையில் கவனிக்க வேண்டிய ஒன்று, சின்னதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருக்கும் பொருள் பணமாகிவிடும். டயாப்லோ 2-வில் தங்கக் காசு இருந்தது, ஆனால் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு. பெரிய வியாபாரத்துக்கு உதவாது. ஆட்டக்காரர்கள் ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் என்ற ஒரு மோதிரத்தையே காசாகப் புழங்கினார்கள். ஒரே ஒரு கட்டம் பிடிக்கும், எல்லாருக்கும் வேண்டும், பத்து வைத்துக்கொண்டாலும் பத்துக் கட்டம்தான். பிறகு அதைக் கள்ளத்தனமாக நகல் எடுக்கும் வழி பரவி, எது அசல் எது நகல் என்றே தெரியாமல் போனது. எங்கள் விளையாட்டில் தென்கடலில் எப்போதாவது முத்து கிடைக்கும் என்று வைத்திருந்தோம். கீழக்கரை நண்பர் அன்றே சொன்னார், “முத்துக்கு ஒரு கட்டம் குடுத்தா, ஒரு மாசத்துல இங்க ரூபா செல்லாது, முத்துதான் செல்லும்.” முத்தும் சங்கும் விற்ற ஊர்க்காரர், அவர் சொன்னதை நான் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் கட்ட முறை எங்களுக்குச் சரிப்படாமல் போனது பொருளாதாரத்தால் இல்லை, விரலால். கணினியில் சுண்டெலியின் முனை ஒரு கட்டத்தின் மூலையைத் தொடும். ஆறு அங்குலத் திரையில், உப்புக்காற்றில் பிசுபிசுத்த விரலோடு, ஆடுகிற பேருந்தில் உட்கார்ந்து இரண்டுக்கு மூன்று நங்கூரத்தைப் பொருத்திப் பாருங்கள். எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ் ஆட்டத்தில் துப்பாக்கியைத் திருப்பிப் போட்டு இடம் பண்ணுவார்கள். விசைப்பலகையில் ஒரு தட்டு. போனில் அதற்கு இன்னொரு பொத்தான், அதுவும் அந்தச் சின்னத் திரையிலேயே. கட்டங்களைப் பெரிதாக்கினால் எண்ணிக்கை குறையும், குறைந்தால் அடுக்குகிற சுகமே போய்விடும். தெற்குவாடியில் கவிழ்ந்த அந்த வள்ளத்தோடு கட்ட முறையும் மூழ்கியது.

எடை முறையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் வால்ஹெய்மைச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் வந்தது, பத்துப் பேர் வரை சேர்ந்து ஆடலாம். அதில் 32 அறையும் உண்டு, 300 என்ற எடை வரம்பும் உண்டு. இரும்புக்கட்டி ஒன்று 12. பையில் வேறு எதுவுமே இல்லாவிட்டாலும் 25 கட்டியோடு சரி. அதைத் தாண்டினால் ஓட முடியாது, நடந்தாலே மூச்சு வாங்கும். இதில் எனக்குப் பிடித்தது எடையே இல்லை. ஊருக்கு ஊர் மாயவாசல் வைத்துக்கொண்டு நொடியில் போய் வரலாம், ஆனால் வழக்கமான அமைப்பில் உலோகத்தை அந்த வாசல் வழியாகக் கொண்டுபோக முடியாது. கப்பலில்தான் ஏற்ற வேண்டும். சின்னக் கப்பலில் 4 அறை, பெரிய நீள்கப்பலில் 18. அந்த ஒரு தடையால்தான் அந்த விளையாட்டில் கடல் பயணமே உயிர் பெறுகிறது. ஓட்டுகிறவன் ஒருத்தன், பாயைப் பார்க்கிறவன் ஒருத்தன், வில்லோடு கரையைப் பார்த்து நிற்கிறவன் ஒருத்தன். சரக்கு எல்லாருக்கும் பொது, பயமும் எல்லாருக்கும் பொது. 2023-இல் வேண்டியவர்கள் இந்தத் தடையை நீக்கிக்கொள்ள வசதி கொடுத்தார்கள். நீக்கி ஆடிப் பார்த்தேன். வசதியாக இருந்தது. கப்பல் கட்டத் தோன்றவே இல்லை.

சரி, எடை நமக்கு ஒத்துவருமா? வைத்துப் பார்த்தோம். மீனுக்கு எடை இயல்புதானே, ஏலமே கிலோவுக்குத்தான். முதல் நாள் நன்றாகத்தான் போனது. சங்காயத்தை, அதாவது விலை போகாத கழிவு மீனை, அள்ளிக் கடலில் வீசிவிட்டு விளைமீனையும் பாரையையும் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் எதிர்பார்த்ததும் அதுதான். இரண்டாம் நாளிலிருந்து கணக்கு வாத்தியார் வேலை ஆரம்பித்துவிட்டது. “இன்னும் மூணு கிலோ இருக்கு, அந்தக் காரலைத் தூக்கிப் போடு, இந்த நகரையை எடு.” நடுக்கடலில் வள்ளத்தை நிறுத்திவிட்டு நான்கு பேரும் பையைத் திறந்து கூட்டிக் கழிக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை என்றால் அது முடிவு எடுப்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை என்றால் அது குப்பை பொறுக்குவது. எடை முறையின் உண்மையான வியாதி இதுதான்: வரம்பை நெருங்கிய பிறகு அது உங்களை விடவே விடாது.

பிஜிஎம்ஐ மாதிரி விளையாட்டுகளில் இருக்கும் கொள்ளளவுப் பட்டியலை இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். பொருள்கள் வரிசையாக, பக்கத்தில் நிறைகிற கோடு, லெவல் 3 பை கிடைத்தால் கோடு நீளும், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். போனுக்கு இதைவிட லகுவான முறை இல்லை; பையன்களுக்குக் கை பழகியும் இருக்கிறது. ஆனால் அது அரை மணி நேர ஆட்டத்துக்கானது. ஆட்டம் முடிந்தால் பையும் முடிந்தது. நாளைக்கும் அதே வலை, அதே கடன் என்று தொடர்கிற எங்கள் கதைக்கு அதன் மனசு பொருந்தாது. அதன் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டோம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாலாவது வழி, பையே வேண்டாம் என்பது. சீ ஆஃப் தீவ்ஸ், 2018. பெரிய கப்பலில் நான்கு பேர். தீவில் தோண்டி எடுத்த புதையல் பெட்டியை இரண்டு கையாலும் கட்டித் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். தூக்கியிருக்கும்போது வாளும் எடுக்க முடியாது, துப்பாக்கியும் எடுக்க முடியாது. கப்பல் தளத்தில் இறக்கி வைத்தால் அங்கேயே கண்முன்னால் கிடக்கும். வேறு கப்பல்காரன் ஏறிவந்தால் அவனும் அதையே தூக்கிக்கொண்டு ஓடலாம். விற்றுக் காசாக்கும்வரை அது யாருடையதும் இல்லை. உங்கள் செல்வம் முழுக்கத் தளத்தில் பரப்பிக் கிடக்கும்போது தொலைவில் ஒரு பாய் தெரிந்தால் வயிற்றைக் கலக்குமே, அந்தக் கலக்கத்தை எந்தக் கட்டமும் எந்த எடையும் கொடுத்ததில்லை. மண்டபத்துப் பெண்ணுக்கு இதுதான் பிடித்தது. “நம்ம கரையில மட்டும் என்ன, மீனை யாரு பைக்குள்ள போட்டுக்கிட்டு வாரா? கூடையில தூக்கிட்டுத்தானே வாராங்க” என்றார். மறுக்க முடியாத நியாயம்.

ஆனால் 500 சூடையை ஒவ்வொன்றாகத் தூக்க முடியுமா? கூடைதான் தூக்கலாம். அப்படியென்றால் கூடைக்குள் இருப்பது மறுபடியும் இன்வென்டரிதானே! இப்படிச் சுற்றிச் சுற்றி ஒரு ராத்திரி முழுக்கப் பேசிவிட்டு, நான் விடிகாலையில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் நாட்டுப்படகுக்காரர், நாற்பது வருடக் கடல். வள்ளத்தில் எவ்வளவு மீன் ஏற்றலாம் என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள், எடையா, இடமா என்று கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஏண்டா, கடல்ல எவனாவது தராசு வச்சுக்கிட்டா மீன் புடிக்கிறான்? ஐஸ் இருக்கிற வரைக்கும்தான் மீனு.”

அவ்வளவுதான் சொன்னார், காபிக்குப் போய்விட்டார். நான் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஐஸ் கம்பெனியில் எத்தனை பார் வாங்கி உடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்புகிறோமோ அதுதான் அன்றைய மீன். நம் வெயிலுக்கு ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸாவது வேண்டும். அதிகம் ஏற்றினால் மீனுக்கு இடம் இல்லை, காசும் நஷ்டம். குறைவாக ஏற்றினால் மீன் கிடைத்தும் வைக்க வழியில்லை. தூரமாகப் போனால் போகிற வழியிலேயே உருகும். பையின் அளவை முடிவு செய்வது கரையில், கிளம்புவதற்கு முன்னால், நான்கு பேரும் சேர்ந்து. நடுக்கடலில் யாரும் எதையும் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. அது ஏற்கெனவே முடிந்துபோன கணக்கு.

இத்தனை நாளும் நாங்கள் ‘பையில் எதை வைப்பது’ என்றுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். ‘எப்போது யோசிக்க வைப்பது’ என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். கட்டமும் எடையும் ஆட்டத்தின் நடுவில் யோசிக்க வைக்கின்றன. ஸ்லாட் முறை பை நிறைந்ததும் யோசிக்க வைக்கிறது. தூக்கிச் சுமப்பது ஆபத்து வந்ததும் யோசிக்க வைக்கிறது. ஐஸ் மட்டும் கிளம்பும்போதே யோசிக்க வைக்கிறது. அந்த நேரத்தில்தான் நான்கு பேருக்கும் கை சும்மா இருக்கும், வாய் சும்மா இருக்காது.

இப்போது இப்படி இருக்கிறது. வள்ளத்தின் கிடங்கில் 20 பெட்டிக்கு இடம். அதில் எத்தனை ஐஸ் என்று கரையில் முடிவு. ஒரு பெட்டி மீனுக்கு ஒரு பெட்டி ஐஸ் கூட இருக்க வேண்டும். 14 ஐஸோடு கிளம்பி, மீன் கிடைக்கும் இடத்துக்குப் போவதற்குள் 4 உருகினால், 10 ஐஸ், 10 பெட்டி மீன், அருமை. 8-தான் வாங்கினோம் என்றால் உருகியது போக 4. நான்கு பெட்டியோடு திரும்ப வேண்டியதுதான், மீதி இடம் காலியாகவே வரும். 18 வாங்கினால் கொஞ்சத்தைக் கடலில் தள்ளிவிட்டு இடம் பண்ணிக்கொள்ளலாம், ஐஸ் காசு போச்சு. திரும்பும் வழியில் உருகினால் மீனின் தரம் இறங்கும், ஏலத்தில் விலை விழும். நண்டு மட்டும் உயிரோடு வரும். அதற்கு ஐஸ் வேண்டாம், இடம் வேண்டும். ஆக, ஐஸ் உருகிப்போன வள்ளத்துக்கும் ஒரு பிழைப்பு வழி உண்டு. இந்தக் கடைசி விதியைச் சேர்த்தது நான், கொஞ்சம் பெருமை.

ஆளுக்கு ஒரு பை உண்டு, 8 அறை, ஸ்லாட் முறை, கத்தி, ஊசி, நூல், தண்ணீர்க் குப்பி, டார்ச். முத்து கிடைத்தால் இதற்குள்தான். ஏலக்காரர் மட்டும்தான் வாங்குவார், ஆட்டக்காரர்களுக்குள் கைமாற்ற முடியாது. கீழக்கரைக்காரர் எச்சரிக்கைக்கு நாங்கள் செய்த மரியாதை. கிடங்கு திரையில் பிஜிஎம்ஐ மாதிரி ஒரே ஒரு கோடாகத் தெரியும், ஒரு பக்கம் ஐஸ் நீலம், மறுபக்கம் மீன். இழுக்கவே வேண்டாம். நங்கூரம், திருக்கை, கழன்றுபோன இன்ஜின் போன்ற பெரிய சாமான்களைக் கையில்தான் தூக்க வேண்டும். மண்டபத்துப் பெண் ஜெயித்தது அங்கே.

சர்வர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இந்தத் தேர்வு எங்களுக்கு லாபம். இதை ஒரு அவமானத்துக்குப் பிறகுதான் கற்றோம். ஆரம்பத்தில் போன் சொல்வதை சர்வர் நம்பியது. ஒருநாள் தனுஷ்கோடி பக்கம் போய் ஆடிப் பார்த்தோம். அரிச்சல்முனையை நெருங்கும்போது என் போன் இலங்கை டவரைப் பிடித்துத் தடுமாறியது. அந்த நேரத்தில் நான் நண்பருக்கு ஒரு பெட்டி சீலா கொடுத்தேன். ‘கொடுத்தேன்’ என்ற செய்தி போய்ச் சேர்ந்தது, ‘சரி’ என்ற பதில் எனக்கு வரவில்லை. என் போன் மறுபடி அனுப்பியது. அவரிடம் இரண்டு பெட்டி, என்னிடம் ஒன்று. ஒரு பெட்டி சீலா மூன்றானது. மீன் பெருகிய அற்புதம் என்று சிரித்தோம், ஆனால் இதை யாராவது வேண்டுமென்றே செய்தால் ஏலமே நாசம்.

இப்போது எந்தப் பெட்டி எங்கே என்பதை சர்வர் மட்டும்தான் சொல்லும். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண். ஒரே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால் பழைய பதிலையே திருப்பிச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். ஒருவரிடம் கழிப்பதும் மற்றவரிடம் கூட்டுவதும் ஒரே மூச்சில் எழுதப்படும். பாதியில் மின்சாரம் போனால் இரண்டுமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

இதில் முறைக்கு முறை சுமை மாறும். கட்ட முறையில் பொதுக் கிடங்கு வைத்தால், இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே கட்டத்தில் சாமான் வைப்பார்கள். இடம் காலியா, வடிவம் பொருந்துமா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். எங்கள் கிடங்குக்கு ஒரே கேள்விதான்: கூட்டினால் 20-ஐத் தாண்டுகிறதா? தூக்கிச் சுமக்கும் முறை நகல் எடுப்பதற்குக் கடினம், ஏனென்றால் ஒரு பொருள் ஒரு கையில்தான் இருக்க முடியும். ஆனால் தளத்தில் 30 பெட்டி உருண்டுகொண்டே இருந்தால், ஒவ்வொன்றின் இடமும் திருப்பமும் 16 பைட் என்று வைத்து, நொடிக்குப் பத்து முறை அனுப்பினால் 4,800 பைட். ஒரு மணி நேரத்தில் 17 எம்பிக்கு மேல், ஓர் ஆளுக்கு. டேட்டா தீர்ந்துபோச்சு என்று திட்டுவார்கள். அதனால் தளத்தில் ஆறு இடங்களைக் குறித்துவிட்டோம். பெரிய சாமான் அங்கே மட்டும்தான் உட்காரும், நகர்த்தினால்தான் செய்தி போகும். கொஞ்சம் அழகு குறைந்தது. நெட்டுக்காக அழகை விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை.

வள்ளம் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதில்தான் இன்னும் முழுசாக ஒத்துப்போகவில்லை. மைன்கிராஃப்டில் செத்தால் எல்லாம் கீழே கொட்டும், ஐந்து நிமிடத்தில் மறையும். வேண்டாமென்றால் அதை நிறுத்தி வைக்க ஒரு விதி உண்டு. வால்ஹெய்மில் கல்லறைக்குள் அப்படியே காத்திருக்கும். ஈவ் ஆன்லைனில் கப்பல் வெடித்தால் சரக்கில் ஏறக்குறையப் பாதி அழியும், மீதியை எடுக்க முடிந்தவர் எடுத்துக்கொள்ளலாம். அந்த விளையாட்டு 2003-லிருந்து இந்தப் பயத்தில்தான் ஓடுகிறது. கீழக்கரை நண்பர் அந்தக் கட்சி. நான் வால்ஹெய்ம் கட்சி. மீன் போகட்டும், நாளைக்குப் பிடிக்கலாம். வலை போனால் அந்த ஆட்டக்காரர் திரும்ப வரமாட்டார். இப்போதைக்கு மீன் முழுக்கப் போகும், வலை மட்டும் மிதப்போடு பத்து நிமிடம் மிதக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், சொந்தக்காரரிடம் கொண்டுவந்து கொடுத்தால் வெகுமதி என்று வைத்திருக்கிறோம். எடுத்தவர்கள் கொடுப்பார்களா என்று ஆடவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பையை விற்பதா என்ற பேச்சும் வந்தது, சர்வர் வாடகை யார் கட்டுவது என்று. 2018 நவம்பரில் வந்த ஃபால்அவுட் 76-இல் பெட்டகத்தின் அளவு 400. சர்வர் தாங்காது என்று காரணம் சொன்னார்கள், டிசம்பரில் 600 ஆக்கினார்கள். மறு வருடம் அக்டோபரில் மாதச் சந்தா கட்டினால் உதிரிப் பொருள்களுக்கு வரம்பில்லாத பெட்டி என்றார்கள். ஆட்டக்காரர்கள் கோபப்பட்டார்கள், அந்தக் கோபம் நியாயமானது. பாத் ஆஃப் எக்ஸைல் நான்கு சேமிப்புப் பக்கங்களை இலவசமாகத் தந்து மேற்கொண்டு வேண்டுவதை விற்கிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே அதைச் சொல்லித்தான் செய்கிறது. எங்களுக்கு அதுவும் வேண்டாம். 20 பெட்டி 20 பெட்டிதான். வள்ளத்துக்குப் பெயர் எழுதவும் வண்ணம் அடிக்கவும் காசு வாங்கிக்கொள்ளலாம். இங்கே நிஜத்திலும் அதற்குச் செலவு செய்யத் தயங்குகிறவர்களை நான் பார்த்ததில்லை.

போன வாரம் அதே தெற்குவாடியில் அக்கா மகனையும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரையும் உட்காரவைத்தேன். பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐஸ் கம்பெனித் திரையில் நான்கு பேரும் கால் மணி நேரம் நின்றார்கள். ஒருவன் 14 என்றான். காசு மிச்சம் பிடிக்கலாம், பக்கத்திலேயே வலை விடலாம் என்று இவன் 9-க்கு இறக்கினான். பக்கத்தில் ஒன்றும் படவில்லை. தள்ளித் தள்ளிப் போய்த் தென்கடலில் ஒரு சீலாக் கூட்டத்தைப் பிடித்தபோது கிடங்கில் மூன்று பெட்டி ஐஸ் மிச்சம். வலை நிறைய மீன். மூன்று பெட்டியை வைத்துக்கொண்டு மீதியைக் கடலிலேயே விட்டார்கள்.

“ஒம்பது போதும்னு நீதானடா சொன்ன!”

“நீ ஏன் அந்தத் தீவு வரைக்கும் ஓட்டுன? அதுலதான உருகிச்சு!”

கரை வந்து சேர்கிற வரை அதுதான் பேச்சு. போனை நான் கேட்டேன். அக்கா மகன் தரவில்லை. ஐஸ் கம்பெனித் திரையை மறுபடி திறந்து வைத்திருந்தான்.